ஸ்பீக்கரைக் குறை சொல்வதற்கு முன்னால்: வீட்டு ஹெட்போன், ஸ்பீக்கர் பழுதைப் பிடிக்கும் வழி

மதுரையில் ஆடியோ செட் பழுது பார்ப்பதுதான் என் தொழில். கடைக்கு வருகிற ஹெட்போன், சவுண்ட்பார், ஸ்பீக்கர் பாக்ஸ்களில் பலவற்றுக்கு சால்டரிங் அயர்னைச் சூடாக்கும் வேலையே வருவதில்லை. ஜாக் ஓட்டையில் அடைந்த பஞ்சு, மாறிப்போன ஒரு செட்டிங், தலைகீழாகச் சொருகிய வயர் என்று காரணம் சின்னதாகத்தான் இருக்கும். "போயிருச்சு, புதுசு வாங்கிருவோம்" என்று வீட்டில் முடிவு செய்துவிட்ட பொருள் மேசையில் வைத்த மறுநிமிஷம் பாட ஆரம்பிக்கும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. நல்ல பொருள் குப்பைக்குப் போகக் கூடாது. வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைகளை அதற்காகத்தான் எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றே ஒன்றுதான். பாட்டு போனிலோ டிவியிலோ கிளம்புகிறது, வயர் வழியாகவோ புளூடூத் வழியாகவோ போகிறது, ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கு வருகிறது, ஸ்பீக்கரில் முடிகிறது. இந்த வழியில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். வயரையும் போனையும் சேர்த்து மாற்றினால் சரியாகிவிடலாம், ஆனால் எதனால் சரியானது என்று தெரியாது.

ஒரு பக்க ஸ்பீக்கர் மட்டும் வேலை செய்யவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். செட்டை அணைத்துவிட்டு, ஆம்ப்ளிஃபயருக்குள் வரும் சிவப்பு, வெள்ளை பின்களை இடம் மாற்றிச் சொருகி, மறுபடி போடுங்கள். ஊமையாக இருந்த பக்கம் பாடி, பாடிய பக்கம் ஊமையானால் கோளாறு அந்த வயரிலோ அதற்கு முன்னால் உள்ள டிவி, போனிலோ இருக்கிறது. அதே பக்கம்தான் ஊமை என்றால் ஆம்ப்ளிஃபயரிலோ ஸ்பீக்கரிலோ இருக்கிறது. மறுபடி அணைத்துவிட்டு, இப்போது பின்னால் ஸ்பீக்கர் வயர்களை இடம் மாற்றுங்கள். ஊமை இடம் மாறினால் ஆம்ப்ளிஃபயர், மாறாவிட்டால் ஸ்பீக்கரோ அதன் வயரோ. ஐந்து நிமிஷ வேலை. இந்த ஒன்றைச் செய்துவிட்டு வருகிறவர்களுக்கு நான் பாதி நேரத்தில் வேலையை முடித்துக் கொடுப்பேன்.

ஹெட்போனுக்கும் இதே கணக்கு. இந்த ஹெட்போனை வேறு போனில் போட்டுப் பாருங்கள், வேறு ஹெட்போனை இந்த போனில் போட்டுப் பாருங்கள். அதற்கும் முன்னால், போனின் செட்டிங்ஸில் அணுகல்தன்மை (ஆக்ஸசிபிலிட்டி) என்ற பகுதிக்குள் போய் இடது, வலது பேலன்ஸ் நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள். குழந்தைகள் கையில் போன் இருக்கும் வீடுகளில் அந்தக் கோடு ஒரு ஓரத்துக்குப் போயிருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் இது உண்டு.

வயர் ஹெட்போன்

ஜாக் முழுவதும் உள்ளே போய் 'டிக்' என்று உட்கார வேண்டும். உட்காரவில்லையென்றால் இரண்டு காரணம்: போன் கவர் தடிமனாக இருந்து தடுக்கலாம், அல்லது ஓட்டைக்குள் பாக்கெட் பஞ்சு அடைந்திருக்கலாம். டார்ச் அடித்துப் பாருங்கள். போனை அணைத்துவிட்டு மரப் பல்குச்சியால் மெதுவாகச் சுரண்டி எடுங்கள். ஊசி, ஹேர்பின், எந்த உலோகமும் வேண்டாம், உள்ளே இருக்கும் தகடுகள் வளைந்துவிடும்.

இந்தத் தொழிலில் எனக்கு மிகவும் பிடித்த பழுது ஒன்று உண்டு. "அண்ணே, மியூசிக் எல்லாம் வருது, பாடுறவர் குரலை மட்டும் காணோம்ணே" என்று வருவார்கள். வயலின் கேட்கும், தபேலா கேட்கும், குரல் மட்டும் எங்கோ தூரத்தில் இருக்கும். இதில் ஹெட்போனுக்குள் ஒலி எழுப்பும் ட்ரைவர் கெடவில்லை. ஸ்டுடியோவில் குரலை இடது, வலது இரண்டு பக்கத்துக்கும் சமமாகக் கலப்பார்கள். இரண்டு காதுக்கும் பொதுவான கிரவுண்ட் இணைப்பு (கரண்ட் திரும்பிப் போகும் பாதை) தொடாமல் போனால், இரண்டு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே ஹெட்போனில் ஓடும். சமமாக இருக்கிற குரல் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு காணாமல் போகும்.

ஜாக்கைக் கையில் எடுத்துப் பாருங்கள். மைக் உள்ள ஹெட்போன் என்றால் அதில் மூன்று கறுப்பு வளையங்களும் நான்கு உலோகப் பகுதிகளும் இருக்கும். நுனி இடது காது, அடுத்தது வலது காது. மீதி இரண்டில் எது கிரவுண்ட், எது மைக் என்பதில்தான் இரண்டு முறைகள் உண்டு: சிடிஐஏ, ஓஎம்டிபி. இன்றைய போன்கள் பெரும்பாலும் சிடிஐஏ. பழைய ஹெட்செட் ஓஎம்டிபி ஆக இருந்தால் இந்தக் கோளாறு வரும். கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. பாட்டு ஓடும்போது வயரில் உள்ள மைக் பட்டனை அழுத்திப் பிடியுங்கள். அழுத்தியிருக்கும்வரை குரல் திரும்ப வந்தால் முறைதான் பொருந்தவில்லை. அந்தப் பட்டன் மைக்கையும் கிரவுண்டையும் ஒன்றாக இணைத்துவிடுவதால் அப்படி. ஒரு சின்ன மாற்று அடாப்டர் வாங்கினால் போதும். பட்டனை அழுத்தியும் குரல் வரவில்லையென்றால் கிரவுண்ட் வயர் அறுந்திருக்க வாய்ப்பு அதிகம்.

வயர் அறுவது பெரும்பாலும் ஜாக்கை ஒட்டிய ஒரு அங்குலத்துக்குள்தான். பாட்டை ஓடவிட்டு அந்த இடத்தை மெதுவாக வளைத்துப் பாருங்கள், விட்டு விட்டு வந்தால் அங்கேதான். சால்டரிங் தெரிந்தவர்கள் புது ஜாக் போடலாம். உள்ளே உள்ள மெல்லிய கம்பிகளில் சாயம்போல ஒரு பூச்சு இருக்கும், அதைச் சூட்டில் எரித்தெடுத்த பிறகுதான் ஈயம் பிடிக்கும். பெரும்பாலும் சிவப்பு வலது, பச்சை அல்லது நீலம் இடது, செம்பு நிறம் கிரவுண்ட்.

டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் என்றால் பின்னால் உள்ள பச்சை ஓட்டைதான் ஹெட்போனுக்கு. ரோஸ் நிறம் மைக்குக்கு.

காதுக்குள் வைக்கும் இயர்பட்களில் ஒரு பக்கம் மெதுவாகக் கேட்டால் முதலில் வலையைப் பாருங்கள். காது அழுக்கு அடைத்திருக்கும். வலை கீழே பார்த்திருக்கும்படி பிடித்துக்கொண்டு, காய்ந்த மென்மையான பிரஷ்ஷால் தட்டியெடுங்கள். மேலே பார்க்கப் பிடித்தால் அழுக்கு உள்ளேதான் போகும். பேஸ் (அடி ஒலி) வரவில்லை என்று சொல்கிறவர்களுக்குப் பெரும்பாலும் ரப்பர் டிப்பின் அளவுதான் சரியில்லை. பெட்டியோடு வந்த மற்ற இரண்டு அளவுகளையும் போட்டுப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். காற்றுப் புகாமல் அடைத்தால்தான் பேஸ் காதுக்கு வரும்.

புளூடூத்

கனெக்ட் ஆகவில்லை என்றால் வீட்டில் வேறு யாருடைய போன் அதைப் பிடித்து வைத்திருக்கிறது என்று பாருங்கள். போன மாதம் தம்பி போனில் ஜோடி சேர்த்திருந்தால் அது இன்னும் அங்கேயே போய் ஒட்டிக்கொள்ளும். எல்லா போனிலும் புளூடூத்தை அணைத்துவிட்டு உங்கள் போனில் மட்டும் முயலுங்கள். அதிலும் வரவில்லையென்றால் போனில் அந்தப் பெயரை நீக்கிவிட்டு, ஹெட்போனை ரீசெட் செய்து புதிதாகச் சேருங்கள். இரண்டு தனிப் பட்களில் ஒன்று சார்ஜ் ஆகவில்லை என்றால் கேஸுக்குள் இருக்கும் உலோகப் புள்ளிகளையும் பட்டின் அடியையும் காய்ந்த துணியால் துடையுங்கள். வியர்வைக் கறைதான் காரணமாக இருக்கும்.

லேப்டாப்பில் பாட்டு அருமையாகக் கேட்கும், மீட்டிங்கில் சேர்ந்ததும் ஒலி கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல ஆகிவிடும். இதைக் கேட்காத வாரமே கிடையாது. புளூடூத்தில் பாட்டுக்கு ஒரு முறை, பேச்சுக்கு ஒரு முறை. பாட்டு முறையில் ஸ்டீரியோ தரமாக வரும், மைக் கிடையாது. ஹெட்போன் மைக்கைத் திறந்ததும் அது பேச்சு முறைக்கு மாறிவிடும், தரம் போன் பேச்சு அளவுக்கு இறங்கிவிடும். மீட்டிங் செயலியின் ஆடியோ செட்டிங்கில் ஸ்பீக்கர் என்ற இடத்தில் ஹெட்போனையும், மைக் என்ற இடத்தில் லேப்டாப்பின் சொந்த மைக்கையும் தேர்வு செய்யுங்கள். அந்த நிமிஷமே மாறும்.

விட்டு விட்டுக் கேட்டால், இடையூறு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். புளூடூத், பழைய வைஃபை, மைக்ரோவேவ் அடுப்பு மூன்றும் 2.4 கிகாஹெர்ட்ஸில்தான் இயங்குகின்றன. போனையும் லேப்டாப்பையும் வைஃபையில் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். லேப்டாப்பில் யூஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க் சொருகியிருந்தால் அதுவும் பக்கத்தில் இருக்கும் புளூடூத்தைத் தொந்தரவு செய்யும். எல்டேக் (புளூடூத்தில் பாட்டை உயர்ந்த தரத்தில் அனுப்பும் முறை) உள்ள ஹெட்போன் என்றால், போனின் செட்டிங்கில் 990 கிலோபிட்டில் போட்டிருப்பதை 660க்கோ 330க்கோ இறக்குங்கள். பல வீட்டு வைஃபைகள் மோதும் அடுக்குமாடியில் 330இல் தடங்கலில்லாமல் கேட்பதுதான் நல்லது.

பாட்டு சொல்லிக்கொடுக்கும் ஒரு அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். ஆன்லைனில் வகுப்பு எடுக்கிறார். அவர் வைக்கும் தம்பூரா சுருதி அந்தப் பக்கம் மாணவிக்கு வந்து வந்து மறைகிறது. "சுருதி இல்லாம எப்படிப்பா பாடுறது, அந்தக் குழந்தை தவிக்குது" என்றார். புது ஸ்பீக்கர் வாங்கவும் தயாராக இருந்தார். ஸ்பீக்கரில் ஒரு குறையும் இல்லை. மீட்டிங் செயலிகளில் சத்தத்தை வடிகட்டும் வசதி எப்போதும் இயங்கிக்கொண்டிருக்கும். மாறாமல் ஒரே சீராக வருகிற ஒலி எதுவானாலும் மின்விசிறிச் சத்தம் என்று நினைத்து அது அழித்துவிடும். தம்பூராவின் குணமே மாறாமல் சீராக ஒலிப்பதுதானே. ஜூமில் இதற்கென்றே ஆடியோ செட்டிங்கில் 'ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசிஷியன்ஸ்' என்று ஒரு தேர்வு உண்டு. அதைப் போட்டதும் சுருதி நின்று ஒலித்தது. எக்கோ கேன்சலேஷனையும் அணைக்கிறீர்கள் என்றால் இரண்டு பக்கமும் ஹெட்போன் கட்டாயம், இல்லையென்றால் எதிரொலி சுற்றிக்கொண்டே இருக்கும். மாணவி தன் வீட்டிலேயே சுருதிப் பெட்டி வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. கீபோர்டு, வயலின் என்று வாசித்துப் பழகுகிறவர்களுக்கு நான் வயர் ஹெட்போனைத்தான் சொல்வேன். புளூடூத்தில் ஒலி கொஞ்சம் தாமதமாகத்தான் வரும், விரலுக்கும் காதுக்கும் ஒத்துவராது.

டிவியும் சவுண்ட்பாரும்

டிவி பின்னால் எச்டிஎம்ஐ ஓட்டைகள் நாலைந்து இருந்தாலும் சவுண்ட்பாருக்கு உரியது ஒன்றுதான். ஏஆர்சி அல்லது இஏஆர்சி என்று அதில் எழுதியிருக்கும். அதில் சொருகிவிட்டு, டிவி செட்டிங்ஸில் சவுண்ட் அவுட்புட்டையும் அதற்கு மாற்ற வேண்டும். கூடவே எச்டிஎம்ஐ வழியாகச் சாதனங்கள் ஒன்றையொன்று இயக்கும் சிஇசி வசதியைத் திறக்க வேண்டும். சாம்சங்கில் அதன் பெயர் அனிநெட் ப்ளஸ், எல்ஜியில் சிம்ப்லிங்க், சோனியில் ப்ராவியா சிங்க். பெயர் வேறு வேறாக இருப்பதால்தான் ஜனங்கள் தவறவிடுகிறார்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் சத்தம் இல்லையென்றால், டிவியின் டிஜிட்டல் ஆடியோ அவுட்டை பிசிஎம் (சுருக்கப்படாத சாதாரண ஒலி) என்று மாற்றிப் பாருங்கள். செட்டாப் பாக்ஸிலும் டால்பி என்று இருந்தால் பிசிஎம் ஆக்குங்கள். டால்பியைப் பிரிக்கத் தெரியாத சாதனத்துக்கு டால்பி அனுப்பினால் மௌனம்தான் வரும். டிவியின் ஆப்டிகல் ஒலியைப் பழைய ஆம்ப்ளிஃபயருக்கு ஏற்றபடி மாற்றும் கன்வெர்ட்டர் போட்டவர்கள் முதலில் பார்க்க வேண்டியதும் இதுதான். ஆப்டிகல் வயரின் இரண்டு முனையிலும் சின்ன பிளாஸ்டிக் மூடி இருக்கும், கழற்றினீர்களா? பென்டிரைவில் போட்ட படம் ஓடுகிறது, ஒலி மட்டும் இல்லை என்றால் அந்தப் படத்தின் ஒலி டிடிஎஸ் என்ற வகையில் இருக்கலாம். நிறைய டிவிகள் அதைத் திறக்காது.

உம்ம் என்ற சத்தம்

பாட்டு இல்லாதபோதும் ஸ்பீக்கரில் உம்ம் என்று ஒரு அடிச்சத்தம் வந்தால் அது வீட்டு கரண்டின் 50 ஹெர்ட்ஸ். லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். போகவில்லையா? அடுத்து கேபிள் டிவி வயரைக் கழற்றிப் பாருங்கள். எதைக் கழற்றும்போது நிற்கிறதோ அதன் வழியாகத்தான் எர்த் இரண்டாவது பாதையில் சுற்றி வருகிறது. டிவி, ஆம்ப்ளிஃபயர், லேப்டாப் எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகினால் பெரும்பாலும் அடங்கிவிடும். அடங்கவில்லையென்றால் கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர் என்று ஒரு சின்னப் பொருள், ஆடியோ வயருக்கு நடுவில் போடுவது, சென்னை ரிச்சி தெருவிலும் ஆன்லைனிலும் கிடைக்கும்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். உம்ம் போக வேண்டும் என்பதற்காக மூன்று பின் ப்ளக்கில் எர்த் பின்னை வெட்டாதீர்கள். சத்தம் நிற்கும், ஆனால் ஒரு நாள் ஆம்ப்ளிஃபயரின் உலோக உடம்பில் கரண்ட் பாய்ந்தால் தொடுகிறவர்தான் எர்த். கடைகளில் விற்கும் மலிவான எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்கள் சிலவற்றில் மூன்று துளை இருக்கும், உள்ளே இரண்டு வயர்தான் ஓடும். அதில் எர்த்தே கிடையாது. ஆம்ப்ளிஃபயரைத் தொட்டால் லேசாகச் சுரீர் என்கிறதா? பாட்டை நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

விட்டு விட்டு டிட் டிட் டிட் என்று வந்தால் அது பக்கத்தில் வைத்த போன் 2ஜி சிக்னலில் பேசுவது. போனைத் தள்ளி வையுங்கள். ஃபேன் வேகத்தை மாற்றும்போது ஸ்பீக்கரில் இரைச்சலும் மாறினால் ரெகுலேட்டரைப் பாருங்கள்.

பாக்ஸை எங்கே வைப்பது

காசு செலவில்லாமல் ஒலியை மாற்றுவது இது ஒன்றுதான். நம் வீடுகளில் ஸ்பீக்கரை ஷோகேஸ் கண்ணாடிக்குள் பொம்மைகளுக்கு நடுவில் வைப்பார்கள், இல்லையென்றால் பரணுக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டுவார்கள். இரண்டுமே அந்தப் பாக்ஸுக்குச் செய்யும் அநியாயம். நீங்கள் உட்காரும் இடத்தையும் இரண்டு ஸ்பீக்கர்களையும் சேர்த்தால் சமபக்க முக்கோணம் வர வேண்டும். ஸ்பீக்கர்களுக்கு நடுவில் 6 அடி என்றால் உங்களுக்கும் ஒவ்வொன்றுக்கும் 6 அடி. கீச்சு ஒலி தரும் சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டர் காது உயரத்தில் இருக்கட்டும். தரையில் உட்கார்ந்து கேட்கிறவர்கள் பாக்ஸைத் தாழ்த்தியோ முகம் கீழே பார்க்கும்படி சாய்த்தோ வைக்கலாம். மூலையில் வைத்தால் பேஸ் ஊதிப் பெருத்து, பேச்சு மூடிக்கொள்ளும். சுவரிலிருந்து ஒரு அடி முன்னால் இழுத்தாலே வித்தியாசம் தெரியும். ஷோகேஸில்தான் வைத்தாக வேண்டும் என்றால் விளிம்பு வரை முன்னுக்கு இழுத்து வையுங்கள், கதவைத் திறந்து வையுங்கள்.

டைல்ஸ் தரை, கான்கிரீட் சுவர், வெறும் ஹால். நடுவில் நின்று ஒரு முறை கை தட்டுங்கள். தட்டிய பிறகும் ட்ர்ர் என்று ஒரு நடுக்கம் தொங்கினால் அந்த எதிரொலிதான் வசனத்தைப் புரியவிடாமல் செய்கிறது. ஸ்பீக்கருக்கும் உங்களுக்கும் நடுவில் ஒரு பவானி ஜமக்காளத்தை விரித்து, ஜன்னலுக்குக் கெட்டித் திரை போட்டுவிட்டு மறுபடி தட்டிப் பாருங்கள்.

அடுத்தது சிவப்பும் கறுப்பும். ஆம்ப்ளிஃபயரின் சிவப்பு ஸ்பீக்கரின் சிவப்புக்கு, கறுப்பு கறுப்புக்கு. ஒரு பக்கம் மட்டும் தலைகீழானால் ஒரு கூம்பு வெளியே தள்ளும்போது மற்றது உள்ளே இழுக்கும். பேஸ் இருக்காது, குரல் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது. செய்தி வாசிப்பவர் குரலைப் போட்டு நடுவில் உட்காருங்கள். குரல் நட்ட நடுவிலிருந்து வந்தால் சரி. வயரில் நிறம் தெரியவில்லையென்றால் ஆம்ப்ளிஃபயரிலிருந்து கழற்றிவிட்டு, கடிகாரத்துக்குப் போடும் 1.5 வோல்ட் பேட்டரியை, பேஸ் தரும் பெரிய ஸ்பீக்கரான ஊஃபருக்குப் போகும் வயரில் ஒரு கணம் தொட்டு எடுங்கள். கூம்பு வெளியே துள்ளினால் பேட்டரியின் பிளஸ் தொட்ட வயர்தான் சிவப்பு. இரண்டு பாக்ஸையும் இப்படிப் பார்த்து வயரில் ஒரு டேப் ஒட்டி வையுங்கள். தனி ட்வீட்டரில் இதைச் செய்ய வேண்டாம்.

பேஸுக்கென்றே உள்ள தனிப் பாக்ஸான சப்ஊஃபருக்கு இடம் தேட ஒரு வழி: அதை நீங்கள் உட்காரும் இடத்தில் வைத்துப் பாட்டை ஓடவிட்டு, சுவரோரமாகக் குனிந்து நடந்து கேளுங்கள். பேஸ் ஊதாமல் தெளிவாகக் கேட்கும் இடம் எதுவோ அங்கே அதை வையுங்கள். எதற்குக் கீழே உள்ள ஒலி சப்ஊஃபருக்குப் போக வேண்டும் என்று பிரிக்கும் கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் ஆரம்பியுங்கள், சின்ன ஸ்பீக்கர்கள் என்றால் 100, 120 வரை போகலாம். அடியில் தடித்த ரப்பர் மேட் போட்டால் கீழ் வீட்டுக்காரர் தூங்குவார்.

அசெம்பிள் செட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 8 ஓம் பாக்ஸ் இரண்டை ஒரே பக்கத்தில் இணையாகக் கோத்தால் 4 ஓம் ஆகிவிடும். ஆம்ப்ளிஃபயர் 4 ஓம் தாங்குமா என்று பின்னால் எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். மல்டிமீட்டரில் 8 ஓம் ஸ்பீக்கர் 6, 7 என்று காட்டுவது இயல்புதான், கெட்டுப்போனது அல்ல. வால்யூம் குமிழைத் திருப்பினால் கரகரக்கிறதா? செட்டை அணைத்து, காண்டாக்ட் கிளீனரைக் குமிழுக்குள் அடித்து, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பல முறை திருப்புங்கள். ஊஃபர் கூம்பை இரண்டு பக்கமும் விரல் வைத்துச் சமமாக மெதுவாக அழுத்தும்போது உராயும் சத்தம் கேட்டால் உள்ளே காயில் என்ற கம்பிச் சுருள் தேய்கிறது, அது கடை வேலை.

பிள்ளைகள் ஹெட்போனில் படிக்கும் வீடுகளில் வால்யூமை யாராவது கவனியுங்கள். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம், குழந்தைகளுக்கு 75 டெசிபலில் 40 மணி நேரம் என்று எல்லை சொல்கிறது. 90 டெசிபலுக்குப் போனால் பெரியவர்களுக்கே வாரம் 4 மணி நேரம்தான். ஸ்பீக்கரை நான் மாற்றித் தருவேன், போன காது திரும்பாது.

கடைக்கு எடுத்து வரும்போது ரிமோட், அடாப்டர், வீட்டில் போட்டிருந்த அதே வயர் மூன்றையும் கொண்டு வாருங்கள். எதை மாற்றிப் பார்த்தீர்கள், என்ன ஆனது என்று மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். தீய்ந்த வாடை வந்த ஆம்ப்ளிஃபயரை "இன்னொரு தடவை பார்ப்போம்" என்று மறுபடி போட வேண்டாம். நெக்பேண்டிலோ புளூடூத் ஸ்பீக்கரிலோ பேட்டரி உப்பியிருந்தால் சார்ஜ் போடாமல், அழுத்தாமல், அப்படியே எடுத்து வாருங்கள்.